மின் ஸ்கூட்டர்: அப்பாவுக்கு ஒன்று, பத்து வயது மகளுக்கு ஒன்றா?

கோலாலம்பூரின் செந்தூலில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டிலிருந்து எல்ஆர்டி ரயில் நிலையம் வரை போய்வர, நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். அதைப் பார்த்து என் பத்து வயது மகளும் தனக்கு ஒன்று வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். இருவரும் ஆபத்தில்லாமல் ஓட்ட எந்தத் தலைக்கவசம் நல்லது? சிறுவர்களுக்கு எந்த மாடல் வாங்கலாம்?"

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மிதிவண்டியும் மின் ஸ்கூட்டரும் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தலைக்கவசம், மாடல் இரண்டுக்கும் வருவேன். ஆனால் அவற்றுக்கு முன்னால் எங்கே ஓட்டப் போகிறீர்கள், எவ்வளவு வேகத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். இடமும் வேகமும் தவறாக இருந்தால் உலகத்திலேயே விலை உயர்ந்த தலைக்கவசம்கூட உங்களைக் கொஞ்சம்தான் காப்பாற்றும்.

உங்களுக்குப் பிடிக்காத செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் மின் ஸ்கூட்டரைச் சாலையில் ஓட்டக் கூடாது. 2021 டிசம்பரில் அரசிதழில் வெளியான விதிகள் அதைத் தடை செய்கின்றன. 2022 ஏப்ரலில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் வீ கா சியோங் அதைப் பகிரங்கமாக அறிவித்தார். மின் ஸ்கூட்டர், ஹோவர்போர்டு, ஒற்றைச் சக்கர மின்வண்டி எல்லாம் அதில் அடக்கம். "நெடுஞ்சாலையில் போகவில்லை, எங்கள் தாமானுக்குள், குடியிருப்புப் பகுதிக்குள்தான் ஓட்டுகிறேன்" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வதுண்டு. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் பொதுமக்கள் வந்துபோகும் எந்தச் சாலையும் சாலைதான். உங்கள் வீட்டு வாசலில் உள்ள தாமான் சாலைக்கும் அது பொருந்தும். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்துக்கும் பொருந்தும். அங்கே சிலர் இதை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

இந்தத் தடை கொஞ்சம் முரட்டுத்தனமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்ற கேள்விக்கு இந்த நகரம் நல்ல பதில் வைத்திருக்கவில்லை. நகர மையத்தில் நீல வண்ணம் பூசிய மிதிவண்டித் தடம் போட்டார்கள். அதில் கார்களை நிறுத்தி வைத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் தடைக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை மறுக்க முடியாது. இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பெரிய சக்கரமும் பளிச்சென்ற முன்விளக்கும் உள்ள மோட்டார் சைக்கிளுக்கே அந்தக் கதி என்றால், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற, ஓரத்தில் நிழலாகத் தெரிகிற ஸ்கூட்டரை லாரி ஓட்டுநர் எப்படிக் கவனிப்பார்?

ஆகவே நிலையம் வரை இதில் போகும் திட்டத்தைக் கைவிடுங்கள். உண்மையிலேயே சாலையில் மின்சார வண்டி வேண்டுமென்றால், சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவு செய்து எண் தகடு மாட்டிய மின் மோட்டார் சைக்கிளை வாங்குங்கள். அதற்கு மோட்டார் சைக்கிள் உரிமம் வேண்டும். பதினாறு வயதும் நிரம்பியிருக்க வேண்டும். இருக்கை வைத்து, பார்ப்பதற்கு மோட்டார் சைக்கிள் போலவே இருக்கும் ஒன்றைக் காட்டி "இதற்கு உரிமம் தேவையில்லை" என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும், அதைத் தாளில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். அப்போது தெரியும்.

இப்போது வைத்திருக்கும் ஸ்கூட்டரை எங்கே ஓட்டலாம்? தனியார் வளாகத்தில், நிர்வாகக் குழு அனுமதித்தால் அடுக்குமாடி வளாகத்தில், அனுமதிக்கும் பூங்காவில். எல்லாப் பூங்காக்களும் அனுமதிப்பதில்லை. தித்திவங்சா ஏரிக்குப் போனாலும் சரி, பினாங்குக்கு உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் கடலோரப் பாதையைப் பார்த்து ஆசைப்பட்டாலும் சரி, நுழைவாயில் பலகையை முதலில் படியுங்கள். ஜோர்ஜ்டவுனில் கடைகளின் முகப்பை ஒட்டி ஓடும் ஐந்தடி நடைவழிகளில் ஓட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கடைக்காரர் வைத்த நாற்காலி, திடீரென்று ஏறி இறங்கும் படி, கதவிலிருந்து வெளியே வரும் பாட்டி என்று ஒவ்வொரு பத்தடிக்கும் ஒன்று காத்திருக்கும்.

அடுத்தது வேகம். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ ஏழு மீட்டர். குழந்தை ஒன்று பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடுவதைக் கண்டு நீங்கள் பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள்; அதற்குள் ஏழு மீட்டர் போய்விட்டது, வண்டி இன்னும் வேகம் குறையவே தொடங்கவில்லை. இன்னொரு கணக்கு இதைவிட நன்றாக மனத்தில் பதியும். 25 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 15 கிலோமீட்டர் வேகத்தில் அதே மோதல், ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். எண்ணில் பத்துதான் வித்தியாசம், அடியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதனால்தான் வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தரச் சொல்லி யார் வந்தாலும் நான் மறுத்துவிடுகிறேன். நாற்பது, ஐம்பது என்று ஓடும்படி மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டாரை மாற்றுகிறார்களே தவிர பிரேக்கையும் வண்டியின் சட்டகத்தையும் யாரும் மாற்றுவதில்லை. ஆட்கள் நடமாடும் இடத்தில் 10, வெறிச்சோடிய பாதையில் 15 என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்குப் போதும். பெரும்பாலான வண்டிகளில் குறைவேக நிலை ஒன்று உண்டு; அதிலேயே விட்டுவிடுங்கள்.

ஓட்டும் முறையில் இந்த வண்டி மிதிவண்டியும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. சக்கரம் எட்டரை அல்லது பத்து அங்குலம். மிதிவண்டிச் சக்கரம் உருண்டு கடந்துவிடும் பள்ளத்தில் இது முன்சக்கரத்தை விட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிடும்; நீங்கள் நிற்க மாட்டீர்கள். கைப்பிடிக்கு மேலே பறந்து முகத்தால் தரையைத் தொடுவீர்கள். என்னிடம் வருகிற வண்டிகளில் வளைந்த முன்பகுதியைப் பார்த்தாலே பள்ளமா, விளிம்புக் கல்லா, வடிகால் மூடியா என்று ஓரளவு சொல்லிவிடலாம். வடிகால் மூடியின் கம்பிகள் நீங்கள் போகும் திசைக்கு இணையாக இருந்தால் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். விறைப்பாக நின்றால் ஒவ்வொரு குலுக்கலும் நேரே கைக்கு வரும். பிரேக் பிடிக்கும்போது உடலின் எடையைப் பின்னுக்குக் கொண்டு போங்கள். இது தானாக வராது, பழக வேண்டும். வெறும் வாகன நிறுத்துமிடத்தில், வேகம் பழகுவதற்கு முன்னால் நிற்கப் பழகுங்கள். தரையில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் நிற்பது கைவசமாகும் வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், திரும்பும்போது குறைக்காதீர்கள். மிதிவண்டிக்காரர் போல ஒரு கையை நீட்டிச் சைகை காட்டாதீர்கள். இந்தச் சின்னச் சக்கரம் ஒற்றைக் கையில் நடுங்கும். நாசி லெமாக் பொட்டலத்தையும் தே அயிஸ் பையையும் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவதும் இதே கணக்குதான். எடை ஒரு பக்கமாக ஆடும், பை சக்கரத்தில் உரசும். முதுகில் மாட்டும் பை எதற்கு இருக்கிறது?

பலருக்கும் தெரியாத ஒன்று, வேகத்தை அப்படியே பிடித்துவைக்கும் க்ரூஸ் வசதி. வேகம் கூட்டும் பொத்தானைச் சில நொடிகள் ஒரே நிலையில் அழுத்தியிருந்தால் வண்டி அந்த வேகத்திலேயே தொடரும். விரலை எடுத்தாலும் நிற்காது. பதறிப்போன புதியவர் விரலை எடுத்துவிட்டு, வண்டி ஏன் நிற்கவில்லை என்று தெரியாமல் தூணில் போய் மோதுவார். வண்டியோடு இணையும் கைப்பேசிச் செயலியில் அதை அணைத்துவிடலாம். காலால் ஒருமுறை உந்தினால் மட்டுமே மோட்டார் இயங்கும் அமைப்பு இருந்தால் அதையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். தெரியாமல் கைபட்டு வண்டி பாய்வது நிற்கும்.

எங்கள் வட்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களை நாள்தோறும் பார்க்கலாம். அவர்கள் வண்டியைக் காதால் கண்டுகொள்கிறார்கள். மின் ஸ்கூட்டருக்குச் சத்தமே இல்லை. தரையில் புடைப்பாகப் பதித்த மஞ்சள் வழித்தடத்தில் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்திவிட்டுத் தோசை சாப்பிடப் போகிறவர், தான் செய்வது என்னவென்று அறியாதவர் என்றுதான் நினைக்க வேண்டும். சிங்கப்பூர் 2019 நவம்பரில் நடைபாதைகளில் மின் ஸ்கூட்டரை முற்றிலும் தடை செய்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் பெடோக்கில், மிதிவண்டியில் சென்ற மூதாட்டி ஒருவர் மின் ஸ்கூட்டர் மோதி உயிரிழந்திருந்தார். நடப்பவருக்குத்தான் முதல் உரிமை என்று ஓட்டுபவர்கள் நடந்துகொள்ளாவிட்டால் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு அது ஒரு சான்று.

இனி உங்கள் மகள். பத்து வயதுப் பிள்ளைக்கு மின் ஸ்கூட்டர் வேண்டாம் என்பதே என் கருத்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, பதினாறு வயதுக்குக் கீழ் யாரும் மோட்டார் பொருத்திய ஸ்கூட்டரை ஓட்டக் கூடாது என்று பரிந்துரைக்கிறது. ஜெர்மனியில் குறைந்தபட்ச வயது பதினான்கு. பிரான்ஸ் 2023இல் பன்னிரண்டைப் பதினான்காக உயர்த்தியது. "என் பிள்ளைக்கு நல்ல சமநிலை, இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொண்டாள்" என்று பெற்றோர் சொல்வார்கள். உண்மைதான், பிள்ளைகள் நம்மைவிட விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் தூரத்தில் வரும் வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது, தான் அதற்குள் கடந்துவிட முடியுமா என்று கணிக்கும் திறன் சமநிலையைவிடப் பல ஆண்டுகள் தாமதமாகத்தான் முதிர்கிறது. தோழி கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பூனைக்குட்டியைக் கண்டால் அதையே பார்ப்பாள். அது அவளுடைய வயது. குறை சொல்ல முடியாது.

உடல் அளவும் இதில் உண்டு. பெரியவர்களுக்கான வண்டியில் கைப்பிடி அவள் நெஞ்சுக்கோ கழுத்துக்கோ நேராக வரும். திடீரென்று நின்றால் இடிபடுவது அங்கேதான். சின்னக் கைக்குப் பிரேக் நெம்புகோல் எட்டாது; எட்டினாலும் முழுதாக அழுத்தப் பலம் போதாது. பூங்காக்களில் அப்பா பின்னால், பிள்ளை முன்னால் என்று ஒரே வண்டியில் இருவர் போவதைப் பார்க்கிறேன். மற்ற எதையும் மறந்தாலும் இதை மட்டும் செய்துவிடாதீர்கள். வண்டி முட்டி நிற்கும் நொடியில் உங்கள் முழு எடையும் முன்னால் பாயும். உங்களுக்கும் கம்பிக்கும் நடுவில் இருப்பது குழந்தை.

அடம் பிடிக்கும் பிள்ளைக்கு என்னதான் தருவது? மோட்டார் இல்லாத, காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுங்கள். அவள் உந்தாவிட்டால் அது நின்றுவிடும். திருப்பம், பிரேக், உடலைச் சாய்ப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும், கால்களுக்கும் பயிற்சி. உறவினர் யாராவது பிறந்தநாள் பரிசாகச் சிறுவர் மின் ஸ்கூட்டரை ஏற்கனவே வாங்கிக் கொடுத்துவிட்டார் என்றால், மணிக்கு பத்து கிலோமீட்டரைத் தாண்டாததாக இருக்கிறதா, பெட்டியில் போட்டிருக்கும் எடை வரம்பு அவளுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு கார் வராத, வாயிலைப் பூட்டிய இடத்தில், நீங்கள் கூடவே நடந்து வரும்போது மட்டும் ஓட்டட்டும். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கூட இருப்பதாகாது.

தலைக்கவசத்துக்கு வருவோம். மிதிவண்டித் தலைக்கவசங்களுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 1078. அதன்படி கவசத்தை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கிறார்கள்; அது தரையைத் தொடும் வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான் சொன்ன வேகத்தில் ஓட்டினால் அது போதும். இருபத்தைந்தில் ஓட்டினால் அது சோதிக்கப்பட்ட எல்லையை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இந்த வண்டியிலிருந்து விழுபவர்கள் முன்னோக்கி விழுவதால் தாடையும் பல்லும் அடிபடுகின்றன. ஆகவே பெரியவர்களுக்கு, மலைப்பாதை மிதிவண்டிக்காரர்கள் அணியும், தாடையையும் மூடும் கவசத்தைச் சிபாரிசு செய்வேன். மோட்டார் சைக்கிள் கவசம் வைத்திருந்தால் சிரிம் என்ற மலேசியத் தரச் சான்று முத்திரை உள்ளதா என்று பார்த்து அதையே போட்டுக்கொள்ளலாம், வெப்பம்தான் கொஞ்சம் தாங்க வேண்டும். ஆனால் அதை மகளுக்கு மாட்டிவிடாதீர்கள். பெரியவர் கவசத்தின் எடையை அவள் கழுத்து தாங்காது. அவளுக்கு அவள் தலை அளவில் மிதிவண்டிக் கவசம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் மட்டும் நுழையும் இறுக்கம். பின்னால் சரிந்த கவசம் நெற்றியைத் திறந்து காட்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

விழும்போது எல்லாரும் கையை ஊன்றுகிறோம், மணிக்கட்டுதான் முறிகிறது. மணிக்கட்டுக் காப்பு வாங்குங்கள். சிலிப்பர் வேண்டாம், விரலை மூடும் காலணி வேண்டும். துப்பட்டாவையும் சேலை முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் ஓட்டாதீர்கள். நம் ஊர் மாலை மழையில் சாலைக் கோட்டு வண்ணமும் இரும்பு மூடியும் எண்ணெய் தடவியது போலாகிவிடும். வண்டியில் தூசும் நீரும் தாங்கும் அளவைக் காட்டும் குறியீடு ஐபி54 என்று போட்டிருந்தால் தூறலைத் தாங்கும் என்று பொருள். திடீர் வெள்ளத்தில் சக்கரம் மூழ்க ஓட்டலாம் என்று பொருளில்லை.

மின்கலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் வண்டியை ஓட்டாமல் வீட்டில் வைத்திருந்தாலும் ஆபத்து தரக்கூடியது அது ஒன்றுதான். லித்தியம் மின்கலம் உள்ளே சேதமடைந்தோ, அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஆகியோ தீப்பிடித்தால் ஒரு செல் அடுத்த செல்லைச் சூடாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். புகை நச்சுப் புகை. நான் அடிக்கடி காணும் தவறு, சார்ஜரை மாற்றிப் போடுவது. 36 வோல்ட் மின்கலத்தின் சார்ஜர் 42 வோல்ட் தரும். 48 வோல்ட் மின்கலத்தின் சார்ஜர் 54.6 வோல்ட் தரும். இரண்டின் முனையும் பல நேரம் ஒரே மாதிரி இருக்கும், பொருந்தவும் பொருந்தும். அண்டை வீட்டுக்காரரிடம் கடன் வாங்கி மாட்டுவதற்கு முன், மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள்.

அடுக்குமாடி வீடுகளில் ஸ்கூட்டரை எங்கே வைத்துச் சார்ஜ் செய்கிறோம்? வாசல் கதவுக்குப் பக்கத்தில். அங்கேதான் இடம் இருக்கிறது, மின்செருகியும் இருக்கிறது. நம் வீடுகளில் வெளியே போக வழி அந்த ஒன்றுதான். அதிலும் இரும்புக் கிரில், பூட்டு. இரவு எல்லாரும் தூங்கும்போது அந்த வழியில் தீ என்றால் எங்கே போவீர்கள்? வாசலிலிருந்து தள்ளி, சோபாவும் திரைச்சீலையும் இல்லாத இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். நிறைந்ததும் கழற்றிவிடுங்கள். பொதுப் படிக்கட்டில் வைக்கவே வேண்டாம். வண்டி நீரில் நனைந்திருந்தாலோ, பலமாக விழுந்திருந்தாலோ, மின்கலம் உப்பியோ வழக்கத்துக்கு மாறாகச் சுட்டோ இருந்தாலோ, ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை சார்ஜில் போடாதீர்கள். புகை வந்தால் வண்டியை வெளியே இழுக்கப் பார்க்காமல் ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 999ஐ அழையுங்கள். புதிதாக வாங்குபவர்கள் யூஎல் 2272 என்ற மின்பாதுகாப்புச் சான்று உள்ளதைத் தேடி வாங்குங்கள். சிங்கப்பூரில் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடித் தண்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று அசைந்தால் மடிப்புப் பூட்டோ கழுத்துப் பகுதியோ தளர்ந்திருக்கிறது. ஓடும்போது தண்டு மடங்கி விழுவதுதான் நான் பார்த்த விபத்துகளிலேயே மோசமானது. காற்றடைத்த டயர் என்றால் விரலால் அழுத்திப் பார்க்காமல் அளவுமானி வைத்துப் பாருங்கள். எட்டரை அங்குல டயருக்கு வழக்கமாக 45 முதல் 50 பிஎஸ்ஐ. காற்றில்லாத கெட்டி டயர் பஞ்சர் ஆகாது என்று விற்கிறார்கள். ஈரத்தில் வழுக்கும், குலுக்கும். நான் அதை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

கைமாறிய வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. அடித்தட்டின் மூடியில் திருகுகள் தேய்ந்திருந்தாலோ, ஓரத்தில் புதுப் பசை தெரிந்தாலோ, யாரோ மின்கலத்தைத் திறந்திருக்கிறார்கள். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு வாருங்கள்.